கிராப் ஓவர்: கரும்புத் தோட்டத்தில் பிறந்த கோடைத் திருவிழா

கிராப் ஓவர் கரீபியத் தீவு நாடான பார்படோசின் தேசியத் திருவிழா. கோடையில் பல வாரங்கள் நடைபெறும் இவ்விழா, ஆகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமை ‘கிராண்ட் கடூமென்ட்’ என்னும் வேட ஊர்வலத்தில் உச்சம் அடைகிறது. ‘அறுவடை முடிந்தது’ என்பது பெயரின் பொருள். கரும்பு வெட்டும் பருவம் முடிந்ததும் தோட்டங்களில் அடிமைகள் ஆடிப்பாடிய நாளிலிருந்து இவ்விழா தோன்றியது. அதன் தொடக்க ஆண்டாக 1687-ஐக் குறிப்பிடுவது வழக்கம். 1940களில் வழக்கொழிந்த விழா, 1974-ல் மீண்டும் தொடங்கப்பட்டது.

வெளிநாட்டுப் பார்வையாளருக்கு இது இறகும் மணியும் இசையும் நிறைந்த தெருக் கொண்டாட்டம். தீவு மக்களுக்கு இது அவர்களுடைய முன்னோரின் உழைப்போடும் அடிமை வாழ்வோடும் விடுதலையோடும் பிணைந்த நாள். தோட்ட முதலாளி அனுமதித்த ஒருநாள் மகிழ்ச்சி, ஒரு மக்களின் சொந்த விழாவாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பார்வையாளர் காண்பது

கடூமென்ட் என்பது பார்படோஸ் வட்டார வழக்குச் சொல். பெரும் ஆரவாரம், பெரிய விசேஷம் என்று பொருள். அன்று அரசு விடுமுறை. காலையிலேயே வேடக் குழுக்கள் அணிவகுக்கின்றன. ஒவ்வொரு குழுவும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்ளும். அக்கருப்பொருளுக்குள் பல பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம், ஓர் உடுப்பு. தலையில் இறகுக் கிரீடம், உடலில் மணியும் சரிகையும் கோத்த ஆடை. குழுவின் முன்னே ஒலிபெருக்கிகள் அடுக்கிய லாரி மெல்ல ஊர்ந்து செல்லும். அதன் பின்னே ஆயிரக்கணக்கானோர் வெயிலில் ஆடிக்கொண்டே நடப்பார்கள்.

பல ஆண்டுகள் ஊர்வலம் நேஷனல் ஸ்டேடியத்தில் தொடங்கி, தலைநகர் பிரிட்ஜ்டவுனின் ஓரமாகச் சென்று, கடற்கரையை ஒட்டிய ஸ்பிரிங் கார்டன் நெடுஞ்சாலையில் முடிந்தது. களைத்தவர்கள் உடுப்போடு கடலில் இறங்கிவிடுவதும் உண்டு. சாலையோரக் கடைகளில் மீன் வடை, மக்ரோனி பை, பொரித்த பறக்கும் மீன், ரம் ஆகியவை விற்கப்படும். சோள மாவையும் வெண்டைக்காயையும் சேர்த்துக் கிண்டும் ‘கூ-கூ’, பறக்கும் மீனுடன் சேர்ந்து இந்நாட்டின் தேசிய உணவாகும்.

கடூமென்டுக்கு முன்பே வேறு நிகழ்ச்சிகள் தொடங்கிவிடும். சிறுவர்களுக்கான ஜூனியர் கடூமென்டில் குழந்தைகள் வேடமிட்டு ஊர்வலம் செல்வார்கள். ‘ஃபோர்டே மார்னிங்’ என்பது பொழுது விடியும் முன் நடக்கும் கொண்டாட்டம். இதில் பளபளப்பான ஆடை கிடையாது. சேறும் வண்ணமும் பூசிக்கொண்டு இருட்டில் ஆடுவார்கள். ‘பிக்-ஓ-டி-கிராப்’ என்பது கலிப்சோ பாடகர்களின் போட்டி.

பருவத்தின் தொடக்கத்தில் ஒரு சடங்கு நடக்கும். அதன் பெயர் ‘கடைசிக் கரும்பை ஒப்படைத்தல்’. அலங்கரித்த வண்டியில் கரும்புக்கட்டு வந்து சேரும். அந்த ஆண்டு மிக அதிகமாகக் கரும்பு வெட்டிய ஆணும் பெண்ணும் அறுவடையின் அரசனாகவும் அரசியாகவும் முடிசூட்டப்படுவார்கள். இறகு ஊர்வலத்துக்காக மட்டும் வரும் பயணிகள் பலர் இதைக் காண்பதில்லை. ஆனால் விழாவின் வேர் இந்த வண்டியில்தான் இருக்கிறது.

தீவும் கரும்பும்

பார்படோஸ் சுமார் 430 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். 1627-ல் ஆங்கிலேயர் இங்கே குடியேறினர். முதலில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டனர். 1640களில் பிரேசிலிலிருந்து கரும்பு பயிரிடும் முறையும் சர்க்கரை காய்ச்சும் நுட்பமும் வந்து சேர்ந்தன. ஜேம்ஸ் டிராக்ஸ் என்னும் தோட்ட முதலாளி இதில் முன்னோடி. சில பத்தாண்டுகளில் தீவின் காடுகள் அழிந்து, கடற்கரை முதல் மேடு வரை கரும்பு நிறைந்தது. பிற்காலத்தில் 500-க்கும் மேற்பட்ட காற்றாலைகள் இத்தீவில் கரும்பைப் பிழிந்தன.

இந்த வேலைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் பிடித்துவரப்பட்டனர். அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்படோசில் இறக்கப்பட்டனர். சிலர் வேறு தீவுகளுக்கு மறுவிற்பனை செய்யப்பட்டனர். 1834-ல் அடிமைமுறை ஒழிந்தபோது தீவில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 83,000 பேர். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பிறந்த பின்னும் எண்ணிக்கை இவ்வளவுதான் என்பது தோட்ட வாழ்வின் கொடுமையைக் காட்டும்.

1661-ல் பார்படோஸ் சட்டமன்றம் அடிமைகளுக்கான தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. மனிதரை உடைமையாகக் கருதிய இச்சட்டம் ஜமைக்காவுக்கும் வட அமெரிக்காவின் தென் கரோலினாவுக்கும் முன்மாதிரியானது.

அறுவடைக் காலத்தின் உழைப்பு

அறுவடையின் முடிவு ஏன் கொண்டாடப்பட்டது என்பதை அறிய, அறுவடை எப்படி நடந்தது என்பதை அறிய வேண்டும். பார்படோசில் கரும்பு வெட்டு ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து மே அல்லது ஜூன் வரை நீளும். வெட்டிய கரும்பை ஓரிரு நாட்களுக்குள் பிழிந்தாக வேண்டும். இல்லையென்றால் சாறு கெட்டுவிடும். எனவே வயலும் ஆலையும் கொதிகலன் கூடமும் ஒரே ஓட்டத்தில் இயங்கின.

அடிமைகள் வலிமைக்கேற்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழு குழி தோண்டும், கரும்பு வெட்டும். இரண்டாம் குழு களையெடுப்பு போன்ற வேலைகளைச் செய்யும். மூன்றாம் குழுவில் சிறுவர் சிறுமியர் இருந்தனர். மாட்டுக்குப் புல் அறுப்பது அவர்கள் வேலை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வயல் குழுக்களில் பெண்களே அதிகம். ஒவ்வொரு குழுவின் பின்னாலும் சவுக்குடன் ஒரு கங்காணி நின்றான்.

ஆலையில் மூன்று உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கையால் செருக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கை முழுவதும் உள்ளே இழுபடும். கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்காக உருளைகளின் அருகே கோடரி வைத்திருந்த தோட்டங்களும் இருந்தன. பிழிந்த சாறு வாய்க்கால் வழியே கொதிகலன் கூடத்துக்குப் போகும். வரிசையாக நிற்கும் செப்புக் கொப்பரைகளில் சுண்ணாம்பு சேர்த்து, அழுக்கு நீக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் காய்ச்சுவார்கள். அடுப்புக்குக் கரும்புச் சக்கையே விறகு. இரவிலும் முறை வைத்து வேலை நடந்தது.

இப்படி ஐந்து மாதம் கடந்து கடைசிக் கரும்பு வெட்டப்படும் நாளில் கிடைத்த மூச்சு விடும் நேரமே கிராப் ஓவர்.

கடைசி வண்டி வரும் நாள்

பழைய கிராப் ஓவர் ஒவ்வொரு தோட்டத்திலும் தனித்தனியாக நடந்தது. கடைசிக் கரும்பு ஏற்றிய வண்டிகளை மலர்களாலும் வண்ணத் துணிகளாலும் அலங்கரிப்பார்கள். இழுக்கும் மாடுகளுக்கும் அலங்காரம் உண்டு. ஆண்களும் பெண்களும் இருப்பதில் நல்ல உடையை அணிந்து வண்டிகளின் பின்னே பாடிக்கொண்டு ஆலை முற்றத்துக்கு வருவார்கள். தொழிலாளர் சார்பில் ஒருவர் பேச, தோட்ட மேலாளர் பதில் சொல்வார். பின்னர் விருந்து, ரம், ஆட்டம். வழுக்குமரம் ஏறுதல், எண்ணெய் பூசிய பன்றியைப் பிடித்தல், கம்பு விளையாட்டு ஆகிய போட்டிகளும் நடந்தன. பிடில், பாஞ்சோ, முக்கோண மணி, விதை நிரப்பிய கிலுக்கு, நீர் ஊற்றிய புட்டி என்று கிடைத்ததெல்லாம் வாத்தியமானது.

கிறைஸ்ட் சர்ச் வட்டத்திலுள்ள நியூட்டன் தோட்டத்தில் 1798-ல் அறுவடை முடிந்ததும் அடிமைகளுக்கு விருந்தும் ஆட்டமும் நடத்தப்பட்டதை அத்தோட்டத்தின் மேலாளர் பதிவு செய்திருக்கிறார். ஆட்டம் ஒழுங்காகவும் குடிவெறி இல்லாமலும் நடக்க வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. மகிழ்ச்சிக்கும் அளவு வைத்தவர் மேலாளரே.

விழாவின் இறுதியில் ‘மிஸ்டர் ஹார்டிங்’ வருவார். கரும்புச் சோகையைத் திணித்துச் செய்த கொடும்பாவி இது. பழைய கோட்டும் தொப்பியும் மாட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து எரிப்பார்கள். அறுவடை முடிந்தபின் வேலையும் உணவும் குறையும் பஞ்சகாலத்தின் உருவம் இவர் என்பது ஒரு விளக்கம். கொடிய கங்காணி ஒருவனின் உருவம் என்பது மற்றொரு விளக்கம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பசியும் சவுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. முதலாளியின் முற்றத்தில், அவர் கண்ணெதிரே, துன்பத்துக்கு ஓர் உருவம் கொடுத்து எரிக்க அந்த ஒரு நாளில் முடிந்தது.

தடை செய்யப்பட்ட முரசு

1688-ல் பார்படோசில் அடிமைகளுக்கான சட்டம் புதுப்பிக்கப்பட்டது. முரசு அடிப்பது, கொம்பு ஊதுவது, சங்கு ஊதுவது ஆகியவற்றைத் தோட்ட முதலாளிகள் அனுமதிக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறியது. அடிமைகளின் குடிசைகளைச் சோதித்து இவற்றைக் கண்டால் எரிக்கவும் வேண்டும். முரசொலி தோட்டம் விட்டுத் தோட்டம் செய்தி கொண்டுபோகும், கலகத்துக்கு அழைக்கும் என்பது ஆட்சியாளர்களின் அச்சம். கிராப் ஓவரின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு இது. ஆட அனுமதித்த அதே கை முரசைப் பறித்தது.

ஆப்பிரிக்கர்களின் இசையறிவைப் பற்றிய பழைய சான்று ஒன்று உண்டு. 1647 முதல் 1650 வரை பார்படோசில் வாழ்ந்த ரிச்சர்ட் லிகன் என்னும் ஆங்கிலேயர், 1657-ல் தீவின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவர் வாழ்ந்த தோட்டத்தில் மக்காவ் என்ற அடிமை வாழைத்தோப்பைக் காத்துவந்தார். லிகன் தந்தி வாத்தியம் வாசிப்பதை ஒருநாள் கேட்ட மக்காவ், அதன் ஒலி ஏற்ற இறக்கத்தைக் கூர்ந்து கவனித்தார். சில நாட்களில் வெவ்வேறு நீளமுள்ள மரத்துண்டுகளை அடுக்கி, தட்டி இசைக்கும் கருவி ஒன்றைத் தாமே செய்துகொண்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் பலஃபோன் வகை வாத்தியம் அது.

பார்படோஸ் மக்கள் முரசை முற்றிலும் இழக்கவில்லை. பிரிட்டிஷ் படைகள் தீவில் முகாமிட்டிருந்தன. அவற்றின் பறையும் குழலும் எல்லோர் காதிலும் விழுந்தன. அந்த அணிவகுப்பு இசையின் வடிவத்துக்குள் ஆப்பிரிக்கத் தாளம் புகுந்துகொண்டது. அப்படி உருவானதே ‘டக்’ இசைக்குழு. ஒரு பெரிய முரசு, ஒரு சிறு முரசு, ஒரு தகரக் குழல், ஒரு முக்கோண மணி. மெதுவான நடையில் தொடங்கி, வேகம் கூடி, கடைசியில் துள்ளலாக மாறும். இன்றும் கிராப் ஓவரில் டக் குழுவைக் காணலாம். அதனுடன் கட்டைக்கால் ஆட்டக்காரர், பெண் வேடமிட்ட ‘மதர் சாலி’, கரடி போன்ற ‘ஷாகி பேர்’, இடுப்பில் கழுதை உருவத்தைக் கட்டிக்கொண்டு ஆடுபவர் ஆகியோர் வருவார்கள்.

1816: அறுவடைக் காலத்துக் கிளர்ச்சி

ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் விருந்து அடிமைகளை அமைதியாக வைத்திருக்கும் என்று தோட்ட முதலாளிகள் நம்பினர். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பிரெடரிக் டக்ளஸ், 1845-ல் வெளியிட்ட தன் வரலாற்றில் இத்தகைய விடுமுறைகளைக் கடுமையாகச் சாடினார். அடிமைகளின் எதிர்ப்புணர்வை வடியவிடும் தந்திரம் அது என்பது அவர் கருத்து.

பார்படோசில் அந்தத் தந்திரம் முழுமையாகப் பலிக்கவில்லை. 1816 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு இரவு, பெய்லிஸ் தோட்டத்தைச் சேர்ந்த புசா என்பவரின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. புசா ஆப்பிரிக்காவில் பிறந்தவர். சிம்மன்ஸ் தோட்டத்தில் வேலை செய்த நானி கிரிக் என்னும் பெண்ணும் இதில் முக்கியப் பங்காற்றினார். செய்தித்தாள் படிக்கத் தெரிந்த அவர், பிரிட்டனில் நடந்த விவாதங்களைப் பற்றிய செய்திகளை மற்றவர்களுக்குச் சொன்னார். விடுதலை வந்துவிட்டது, முதலாளிகள் அதை மறைக்கிறார்கள் என்ற நம்பிக்கை பரவியிருந்தது.

கிளர்ச்சி நடந்தது கரும்பு வெட்டின் நடுக்காலத்தில். வயல்களில் வைத்த தீ தோட்டம் தோட்டமாகப் பரவியது. படைகள் சில நாட்களில் கிளர்ச்சியை அடக்கின. புசா சண்டையில் இறந்தார். நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், மேலும் பலர் நாடு கடத்தப்பட்டனர். சோகைப் பொம்மையை எரித்த மக்கள் அந்த ஆண்டு கரும்பையே எரித்தார்கள்.

விடுதலைக்குப் பின்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை 1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டப்படி முடிந்தது. ஆனால் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் பழைய முதலாளிக்கே வேலை செய்ய வேண்டிய நிலை 1838 ஆகஸ்ட் 1 வரை நீடித்தது. பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்ட் இழப்பீடு வழங்கியது. அது அடிமைகளுக்கு அல்ல, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனின் எச்சம் 2015-ல்தான் தீர்க்கப்பட்டது.

விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் இல்லை. சிறு தீவில் தோட்டங்களுக்கு வெளியே எஞ்சிய நிலம் மிகக் குறைவு. தோட்ட ஓரத்தில் வாடகைத் துண்டில் குடியிருந்து, அதே வயலில் கூலிக்கு உழைத்தனர். முதலாளி வெளியேறச் சொன்னால் வீட்டையும் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகவே கழற்றி மாட்டக்கூடிய சிறு மரவீடுகளைக் கட்டினர். ‘சாட்டல் வீடு’ எனப்படும் இவை இன்று சுற்றுலாப் படங்களில் அழகுப் பொருளாகத் தோன்றுகின்றன. நிலமற்ற வாழ்வின் சின்னங்கள் அவை.

விடுதலைக்குப் பின் கிராப் ஓவர் கூலித் தொழிலாளர் விழாவாகத் தொடர்ந்தது. ஆனால் சர்க்கரை விலை வீழ்ந்தது, கூலி உயரவில்லை. பனாமாக் கால்வாய் வெட்டும் வேலைக்காக 1905-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஒப்பந்தத்தின்பேரில் தீவை விட்டுச் சென்றனர். 1937 ஜூலையில், தொழிலாளர் தலைவர் கிளமென்ட் பெயின் நாடு கடத்தப்பட்டதை அடுத்துக் கலவரம் மூண்டது. 14 பேர் கொல்லப்பட்டனர். வறுமையின் ஆழத்தை அது உலகுக்குக் காட்டியது. இரண்டாம் உலகப் போரின் தட்டுப்பாடும் சேர்ந்து, 1940களில் கிராப் ஓவர் வழக்கொழிந்தது.

1974: மறுபிறப்பு

பார்படோஸ் 1966 நவம்பர் 30 அன்று சுதந்திரம் பெற்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1974-ல், சுற்றுலா வாரியத்தின் முயற்சியில் கிராப் ஓவர் மீண்டும் தொடங்கியது. பனிக்காலத்தில் குளிருக்குத் தப்பி வரும் பயணிகளால் நிரம்பும் விடுதிகள் கோடையில் காலியாகக் கிடந்தன. அதை நிரப்புவது வாரியத்தின் நோக்கம். புதிய நாட்டுக்குச் சொந்தக் கலை வேண்டும் என்பது கலைஞர்களின் நோக்கம். இந்த இரண்டு நோக்கங்களும் இன்றுவரை விழாவுக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன. 1983-ல் தேசியப் பண்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டு, விழாப் பொறுப்பு அதனிடம் வந்தது.

ட்ரினிடாட்டின் புகழ்பெற்ற கார்னிவல் கத்தோலிக்கத் தவக்காலத்துக்கு முன் பிப்ரவரி அல்லது மார்ச்சில் நடக்கும். ஆங்கிலிக்கன் மரபு வேரூன்றிய பார்படோசில் அத்தகைய தவக்கால விழா நிலைபெறவில்லை. எனவே புதிய விழா கரும்பின் பெயரையே ஏற்றது. வேட ஊர்வலம், கலிப்சோப் போட்டி, அரசன் அரசி உடுப்புகள் ஆகியவற்றில் ட்ரினிடாட்டின் தாக்கம் தெளிவு.

விழாவின் உச்சம் அறுவடை முடியும் மாதங்களிலிருந்து விலகி ஆகஸ்ட் தொடக்கத்தில் நிலைத்தது. அதனால் கரும்போடு இருந்த காலப் பிணைப்பு தளர்ந்து, வேறொரு பிணைப்பு வலுத்தது. ஆகஸ்ட் 1 விடுதலை நாள். 1997 முதல் அது பார்படோசில் அரசு விடுமுறை. சில நாட்கள் இடைவெளியில் கடூமென்ட் வருகிறது. புசா கிளர்ச்சி நாளான ஏப்ரல் 14 முதல் ஆகஸ்ட் 23 வரை ‘விடுதலைப் பருவம்’ என்று அரசு கடைப்பிடிக்கிறது. கிராப் ஓவர் அதற்குள் அமைகிறது. அறுவடை முடிந்த மகிழ்ச்சியும் அடிமைமுறை முடிந்த மகிழ்ச்சியும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன.

கலிப்சோவும் சோகாவும்

முதலாளியின் முன் நேராகச் சொல்ல முடியாததைப் பாட்டில் ஒளித்துச் சொல்வது தோட்டங்களில் பழகிய கலை. கலிப்சோ அதன் தொடர்ச்சி. பாடகர்கள் புனைபெயர் சூடி, ஆட்சியாளர்களைக் கேலி செய்வார்கள். ‘மைட்டி காபி’ என்று அழைக்கப்படும் ஆன்டனி கார்ட்டர் 1982-ல் பாடிய ‘ஜாக்’ என்னும் பாடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடற்கரைகளை விடுதிகள் அடைத்துக்கொள்வதையும், உள்ளூர் மக்களின் உரிமை பறிபோவதையும் அது கேள்வி கேட்டது. சுற்றுலாவுக்காக மீட்கப்பட்ட விழாக் காலத்தில், சுற்றுலாவை விமர்சித்த பாடல் மக்களின் பாடலானது.

இன்று ஊர்வல லாரிகளில் ஒலிப்பது பெரும்பாலும் சோகா. இது 1970களில் ட்ரினிடாட்டில் உருவானது. ‘லார்ட் ஷார்ட்டி’ என்ற பெயரில் பாடிய கார்ஃபீல்ட் பிளாக்மன், கலிப்சோவில் இந்தியத் தாளங்களைக் கலந்து இதை உருவாக்கினார். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரினிடாட்டுக்குச் சென்ற இந்தியர்களின் டோலக்கும் ‘தண்டால்’ என்னும் இரும்புத் தாளக்கருவியும் அவருக்குப் பழக்கமானவை. அக்கூலிகளில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் ஒரு பகுதியினர் சென்னை வழியாகவும் சென்றவர்கள். மக்கள்தொகை ஏற்கெனவே நெருக்கமாக இருந்த பார்படோசுக்கு இந்தியக் கூலிகள் கொண்டுவரப்படவில்லை. ஆயினும் கரும்புக்காகக் கடல் கடந்த இந்தியரின் தாளம், கரும்பு விழாவின் வழியாக அத்தீவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

விழாவைச் சூழ்ந்த கேள்விகள்

கிராப் ஓவர் இன்று பெரிய வருவாய் தரும் விழா. பார்படோசில் பிறந்த பாடகி ரிஹானா கடூமென்டில் பலமுறை கலந்துகொண்டதால் உலக ஊடகங்களின் கவனமும் கிடைத்தது. கூடவே சில கேள்விகளும் எழுந்தன.

முதலாவது, விழா யாருக்கானது என்பது. வேடக் குழுவில் சேர உடுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். இறகும் மணியும் ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஒருகாலத்தில் தோட்டத்தில் இருந்த எல்லோருக்கும் உரியதாக இருந்த ஆட்டம், இன்று கட்டணம் செலுத்தியவர் ஆட, மற்றவர் ஓரத்தில் நின்று பார்ப்பதாக மாறிவருகிறது என்ற குறை உள்ளூரில் கேட்கிறது.

இரண்டாவது, விழாவின் அடையாளம். மிஸ்டர் ஹார்டிங்குக்கும் கரும்பு வண்டிக்கும் முன்பிருந்த இடம் இல்லை. எல்லாத் தீவுகளிலும் காணும் ஒரே மாதிரியான இறகு வேடம் முன்னே நிற்கிறது. டக் குழுக்களையும் பழைய வேடங்களையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முயற்சிகள் இதற்கு மறுமொழியாக நடக்கின்றன.

மூன்றாவது, கரும்பின் நிலை. நூற்றுக்கணக்கான ஆலைகள் இருந்த தீவில் எஞ்சிய பெரிய சர்க்கரை ஆலை போர்ட்வேல் ஒன்றே. வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்றால் தெரு ஊர்வலம் நடக்கவில்லை, 2022-ல் திரும்பியது. விழா மீண்டது, கரும்பு மீளவில்லை. அறுவடை விழாவில் அறுவடை நினைவாக மட்டும் மிஞ்சும் நாள் தொலைவில் இல்லை.

ஊர்வலத்துக்கு அப்பால்

விழாவுக்குச் செல்லும் பயணி அதன் வரலாற்றை அருகிலேயே காணலாம். செயின்ட் ஆண்ட்ரூ வட்டத்தில் மார்கன் லூயிஸ் காற்றாலை நிற்கிறது. பழைய காற்றாலைகளில் முழு அமைப்போடு எஞ்சியது இதுவே. பிரிட்ஜ்டவுன் நகரும் அதன் படைமுகாமும் 2011-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. முகாமிலுள்ள பழைய படைச் சிறைக் கட்டடத்தில் பார்படோஸ் அருங்காட்சியகம் இயங்குகிறது. ஹாகட் ஹால் பகுதியிலுள்ள சாலை வட்டத்தில், அறுந்த சங்கிலிகளுடன் கைகளை உயர்த்தி நிற்கும் மனிதனின் சிலை இருக்கிறது. கார்ல் புரூட்ஹாகன் வடித்த இச்சிலை 1985-ல் நிறுவப்பட்டது. மக்கள் அதைப் புசா என்றே அழைக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அமைதியான இடம் நியூட்டன் தோட்டத்தின் இடுகாடு. 1798-ல் அறுவடை விருந்து நடந்த அதே தோட்டம். 1970களில் நடந்த அகழாய்வு, ஏறத்தாழ 570 அடிமைகள் இங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்தது. ஒரு குழியில் வயது முதிர்ந்த ஆண் ஒருவர் கழுத்தணியுடன் கிடந்தார். சோழிகள், நாய்ப்பற்கள், மீன் முள்ளெலும்புகள், கண்ணாடி மணிகள், ஒரு பெரிய சூதுபவள மணி ஆகியவை அதில் கோக்கப்பட்டிருந்தன. அவர் மக்கள் மதித்த மருத்துவராக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. சூதுபவள மணி இந்தியாவில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. 2021 நவம்பர் 30 அன்று பார்படோஸ் குடியரசானது. அதை அடுத்து இவ்விடத்தில் நினைவிடம் அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது.

இந்த இடுகாட்டில் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை. இங்கே கிடப்பவர்கள் கரும்பு வெட்டியவர்கள், கொப்பரையில் காய்ச்சியவர்கள், கடைசி வண்டியின் பின்னே ஆடியவர்கள். அவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள், அதுவும் மேலாளர் அனுமதித்த அளவில், கிடைத்தது. அவர்களின் வழிவந்தோர் இன்று யாருடைய அனுமதியும் கேட்காமல் நாட்டின் நெடுஞ்சாலையை நிறைத்து ஆடுகிறார்கள். கடூமென்ட் நாளின் ஆரவாரத்துக்கு முன் ஒரு காலை நேரத்தை நியூட்டனில் செலவிட்டுவரும் பயணிக்கு, அந்த ஆட்டத்தின் பொருள் எளிதில் விளங்கும்.